ஆண்டுச் சந்தாவும் ஐந்து மாதக் கணக்கும்: ஓடிடிக்குத் தொடர்ந்து பணம் கட்டலாமா?

2021 டிசம்பரில் இந்திய ஓடிடி சந்தையில் நேரெதிரான இரண்டு முடிவுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவந்தன. நெட்ஃபிளிக்ஸ் தன் கட்டணங்களைக் குறைத்தது. கைபேசித் திட்டம் 199 ரூபாயிலிருந்து 149 ரூபாய்க்கும், அடிப்படைத் திட்டம் 499இலிருந்து 199க்கும், அவற்றுக்கு மேலுள்ள இரண்டு திட்டங்கள் 649இலிருந்து 499க்கும் 799இலிருந்து 649க்கும் இறங்கின. அமேசான் பிரைமோ தன் ஆண்டுக் கட்டணத்தை 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாய்க்கு உயர்த்தியது. அதன்பின் பல ஆண்டுகள் இந்த எண்கள் அசையவில்லை. எண் அசையாததால், கட்டுகிற பணத்துக்குக் கிடைப்பதும் அப்படியே இருக்கிறது என்று பெரும்பாலான வீடுகளில் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் விலை நின்ற இடத்திலேயே நிற்க, அந்த விலைக்கு உள்ளே இருக்கும் பொருள்தான் சத்தமில்லாமல் மாறிவந்திருக்கிறது. ஒரு சந்தாவைத் தொடர்வதா, விடுவதா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான்.

பிரைமையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூன் 17 முதல் அதன் படங்களுக்கும் தொடர்களுக்கும் இடையில் விளம்பரங்கள் வரத் தொடங்கின. விளம்பரம் வேண்டாம் என்றால் கூடுதலாக மாதம் 129 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 699 ரூபாய் கட்ட வேண்டும் என்று நிறுவனம் அறிவித்தது. ஆண்டுக் கட்டணம் 1,499 என்றே பட்டியலில் இருந்தது. ஆனால் 2025 மே மாதத்தில் கிடைத்த அதே அனுபவத்தை ஜூலையில் பெற விரும்பியவருக்கு ஆண்டுச் செலவு 2,198 ரூபாய் ஆகிவிட்டது. ஏறத்தாழ 47 சதவீத உயர்வு. கட்டண உயர்வு என்று அறிவித்திருந்தால் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்பார்கள். விளம்பரமாக வந்ததால் முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டார்கள். பிரைம் என்பது வாங்கிய பொருள்களின் விரைவு விநியோகம், இசை முதலிய பிற சலுகைகளும் சேர்ந்த தொகுப்பு என்பதால், படம் பார்ப்பதற்கான பங்கு அதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதும் எளிதாக இல்லை. மாதம் நான்கைந்து பொருள்களை அங்கே வாங்கும் வீட்டுக்கும், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே வாங்கும் வீட்டுக்கும் அந்த 1,499 ரூபாய் ஒரே மதிப்புடையது அல்ல.

கணக்கைப் பகிர்வதில் வந்த கட்டுப்பாடுகளும் விலை உயர்வின் இன்னொரு வடிவமே. 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் ஒரு கணக்கு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் என்று அறிவித்து, மற்றவர்களைத் தனிக் கணக்கு தொடங்கச் சொன்னது. 2025 ஜனவரியில் பிரைம், ஒரு கணக்கில் ஐந்து கருவிகள் வரைதான், அவற்றில் தொலைக்காட்சிகள் இரண்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. மகள் சென்னையில் வேலைக்குச் சென்றிருக்க, பெற்றோர் திருநெல்வேலியில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். ஒரே 499 ரூபாயில் இரு வீடுகளும் பார்த்துவந்த காலத்தில் ஒரு வீட்டுக்கு விழுந்த பங்கு 250 ரூபாய்கூட இல்லை. இப்போது இரு வீட்டுக்கும் அதே திட்டம் வேண்டுமென்றால் குடும்பத்தின் மொத்தச் செலவு இரட்டிப்பாகிறது. நிறுவனத்தின் விலைப்பட்டியலில் இந்த மாற்றத்துக்கு எந்தத் தடயமும் இல்லை.

இவற்றைவிட ஆழமான மாற்றம், படங்களும் போட்டிகளும் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு இடம்பெயர்ந்துகொண்டே இருப்பது. ஐபிஎல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2022 வரை டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் இருந்த போட்டிகளின் இந்திய இணைய ஒளிபரப்பு உரிமை, 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் வயாகாம்18 நிறுவனத்துக்குப் போனது. தொலைக்காட்சி, இணையம், வெளிநாடு எல்லாம் சேர்ந்து 2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களுக்கு 48,390 கோடி ரூபாய் குவிந்த ஏலம் அது. 2023இல் அந்த நிறுவனத்தின் தளமான ஜியோசினிமா அத்தனை ஆட்டங்களையும் இலவசமாகக் காட்டியது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓவின் தொடர்களும் இதே பாதையில்தான் நகர்ந்தன. 2023 மார்ச் 31உடன் அவை ஹாட்ஸ்டாரை விட்டு நீங்கி, மே மாதத்தில் ஜியோசினிமாவின் கட்டணப் பிரிவுக்குள் நுழைந்தன. அந்தத் தொடர்களுக்காகவே 2022 இறுதியில் ஹாட்ஸ்டாருக்கு ஓராண்டுப் பணம் கட்டியவர், சந்தா பாதியில் இருக்கும்போதே தான் வாங்கிய பொருள் வேறு கடைக்குப் போய்விட்டதைக் கண்டார். பணம் திரும்பி வரவில்லை.

அந்தக் காலத்து எண்ணிக்கை ஒன்று இங்கே கவனிக்கத் தக்கது. 2022 அக்டோபர் தொடக்கத்தில் 6 கோடியே 13 லட்சமாக இருந்த ஹாட்ஸ்டார் சந்தாதாரர் எண்ணிக்கை, 2023 செப்டம்பர் இறுதியில் 3 கோடியே 76 லட்சமாகச் சுருங்கியது. கிரிக்கெட்டுக்காக மட்டுமே பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கருத்துக்கணிப்பும் காட்ட முடியாது. பிறகு 2024 நவம்பரில், ஹாட்ஸ்டாரை நடத்திய டிஸ்னி, ஜியோசினிமாவை நடத்திய ரிலையன்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் இந்திய ஊடகத் தொழில்களும் இணைந்தன. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. ஹாட்ஸ்டாரை விட்டுப் போன ஐபிஎல்லும் எச்பிஓவும் மீண்டும் அதே கூரையின் கீழ் வந்தன. இலவசக் கிரிக்கெட்டின் காலமும் அதோடு முடிந்தது. 2025 பருவத்தை முழுமையாகப் பார்க்கச் சந்தாவோ, அதை உள்ளடக்கிய ரீசார்ஜோ தேவைப்பட்டது.

தமிழ்ப் படங்களின் நிலையும் இதற்கு வேறானதல்ல. கரோனா முடக்கத்தின்போது, 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்கைத் தொடாமல் நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானபோது திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அடுத்த ஈராண்டுகளில் தளங்கள் போட்டி போட்டுக்கொண்டு தமிழ்ப் படங்களை வாங்கின. ஒரு சந்தாவுக்குள் புதுப்படங்கள் குவிந்த காலம் அது. சந்தா என்பது சிக்கனமான ஏற்பாடு என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றியதும் அப்போதுதான். இப்போது அந்த வேகம் இல்லை. தளங்கள் பெரிய நடிகர்களின் படங்களைத் தேர்ந்து வாங்குகின்றன. சிறிய படங்களில் பல, பார்வை நேரத்துக்கு ஏற்ற வருவாய்ப் பகிர்வு என்ற ஏற்பாட்டில் எங்கோ ஓர் ஓரத்தில் ஏற்றப்படுகின்றன, அல்லது எங்கும் வராமலே போகின்றன. திரையரங்குக்கும் ஓடிடிக்கும் இடையிலான இடைவெளி பெரும்பாலும் நான்கு வாரங்களாக இருந்துவருகிறது. முன்னணி நடிகர்களின் படங்களுக்கு அதை எட்டு வாரங்களாக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் முன்னின்று நடத்திய கூட்டத்தில் தீர்மானித்தார்கள். ஒரு குறிப்பிட்ட படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது பெரும்பாலும் அது வெளிவருவதற்கு முன்பே முடிவாகிவிடும்; படத்தின் தொடக்கத்திலேயே பெயர் போட்டுவிடுவார்கள். ஆகவே ‘தமிழ்ப் படம் பார்ப்பதற்காக’ என்று பொதுவாகச் சொல்லி ஒரு தளத்தை ஆண்டு முழுவதும் வைத்திருப்பதற்குப் பெரிய பொருள் இல்லை. நாம் காத்திருக்கும் நான்கைந்து படங்கள் எந்தத் தளத்துக்குச் சென்றிருக்கின்றன என்று பார்த்து, அவை வரும் மாதத்தில் மட்டும் சேர்வதே பொருத்தமானது.

ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை ஒன்றோடு எனக்கு உடன்பாடில்லை. ‘மாதக் கட்டணத்தைப் பார்த்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள், மணிக்குப் பத்து ரூபாய்க்குக் கீழே வந்தால் லாபம்’ என்பார்கள். இந்தக் கணக்கில் எல்லாச் சந்தாவுமே லாபமாகத்தான் தெரியும். இரவு உணவின்போது பின்னணியில் ஓடவிட்ட பழைய நகைச்சுவைக் காட்சியும், மூன்று நாள் விடாமல் பார்த்து மனத்தில் தங்கிய ஒரு தொடரும் இதில் சம எடை பெறுகின்றன. தளங்களும் நம் நேரத்தைப் பிடித்துவைக்கத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த பகுதி தானாகத் தொடங்குவது அதற்காகத்தான். ஆக நேரத்தை அளவுகோலாக வைத்தால், நிறுவனம் தனக்கு விரும்பிய அளவுகோலையே நம் கையிலும் கொடுத்ததாகிவிடும்.

இதைவிடப் பயனுள்ள வழி, பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்து பார்ப்பது. நெட்ஃபிளிக்ஸிலும் பிரைமிலும் கணக்கு அமைப்புகளுக்குள் சென்றால், ஒவ்வொரு நாளும் எதைப் பார்த்தோம் என்ற வரலாறு முழுமையாக இருக்கிறது. கடந்த மூன்று மாதப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது இந்தத் தளத்தில் இல்லாமல் இருந்திருந்தால், தனியாகப் பணம் கொடுத்து இதைப் பார்த்திருப்போமா? ‘ஆம்’ என்று வருபவை எத்தனை, பாதியில் விட்டவை எத்தனை என்று எண்ணினால் போதும். பல வீடுகளில் அந்த ‘ஆம்’ ஒன்றோ இரண்டோ என்ற அளவில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. மூன்று மாதத்துக்கு 1,497 ரூபாய் வாங்கும் ஒரு திட்டத்தில் அப்படி இரண்டு தலைப்புகள்தான் தேறின என்றால், ஒவ்வொன்றுக்கும் கொடுத்தது ஏறத்தாழ 750 ரூபாய். அந்த இரண்டும் அவ்வளவு பெறுமானவை என்று மனமாரத் தோன்றினால் தாராளமாகத் தொடரலாம். முடிவு எதுவானாலும், அது கண்முன் இருக்கும் எண்ணை வைத்து எடுத்த முடிவாக இருக்கும்.

பட்டியலைப் பார்க்கும்போது அதை வீட்டில் யார் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணம் கட்டுபவர் ஒருவராகவும் பயன்படுத்துபவர் வேறொருவராகவும் இருப்பதே நம் வீடுகளின் இயல்பு. அலுவலகத்திலிருந்து களைத்து வருபவர் ‘நான் எதையும் பார்ப்பதே இல்லை’ என்று சந்தாவை நிறுத்தினால், பகலெல்லாம் தனியாக இருக்கும் அம்மாவின் ஒரே பொழுதுபோக்கு போய்விடக்கூடும். காது மந்தமான பெரியவர்களுக்கு ஓடிடியில் கிடைக்கும் வசன வரிகள் கேபிள் ஒளிபரப்பில் அநேகமாகக் கிடைப்பதில்லை. மலையாளப் படத்தையும் கொரியத் தொடரையும் தமிழ்க் குரலில் கேட்க முடிவதும், நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிவதும் அவர்களுக்குப் பெரிய வசதி. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருப்பதும், அடுத்து என்ன வருமோ என்ற பயமில்லாமல் அவர்களை அங்கே விட முடிவதும் ரூபாயில் அளக்கக் கடினமான பயன்கள். இவற்றை நான் மிகவும் மதிக்கிறேன். இப்படிப்பட்ட பயன் ஒன்று வீட்டில் இருந்தால், மேலே சொன்ன கணக்கில் தோற்றாலும் அந்தச் சந்தாவை வைத்திருப்பதுதான் நியாயம்.

அதே பெரியவர்களின் சீரியல்களில் இரட்டைச் செலவும் ஒளிந்திருக்கிறது. சன் தொலைக்காட்சியின் தொடர்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் தொலைக்காட்சியின் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழின் தொடர்கள் ஜீ5இலும் கிடைக்கின்றன. வீட்டில் கேபிளோ டிஷ்ஷோ இருந்து, அந்தந்த நேரத்தில் தொலைக்காட்சியிலேயே பார்ப்பவர் என்றால், இந்த மூன்றும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவைதான். மாறாக, எல்லோரும் ஓடிடியிலேயே பார்க்கிறார்கள், செட்டாப் பெட்டி தூசி படிந்து கிடக்கிறது என்றால், நிறுத்த வேண்டியது கேபிளாகக்கூட இருக்கலாம். இரண்டையும் பழக்கத்தால் வைத்திருக்கும் வீடுகளே அதிகம்.

அடுத்து, எந்தத் திட்டம் என்ற கேள்வி. முழுவதுமாக விடுவதற்கும் அப்படியே தொடர்வதற்கும் நடுவில், ஒரு படி இறங்குவது என்ற வழி இருப்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நெட்ஃபிளிக்ஸின் 649 ரூபாய்த் திட்டம் 4கே தெளிவையும் ஒரே நேரத்தில் நான்கு திரைகளையும் தருகிறது. 499 ரூபாய்த் திட்டம் 1080பி தெளிவும் இரண்டு திரைகளும். 199 ரூபாய்த் திட்டம் 720பி தெளிவில் ஒரு திரை. 149 ரூபாய்த் திட்டம் கைபேசியிலும் டேப்லெட்டிலும் மட்டும், 480பி தெளிவில். வீட்டில் இருக்கும் தொலைக்காட்சி 4கே அல்ல என்றால், 649க்கும் 499க்கும் இடையிலான 150 ரூபாய், ஆண்டுக்கு 1,800 ரூபாய், கூடுதல் திரைகளுக்கு மட்டுமே போகிறது. ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று திரைகளில் பார்ப்பது அந்த வீட்டில் எப்போதாவது நடந்திருக்கிறதா என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். 32 அங்குலத் தொலைக்காட்சியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு 720பி பெரும்பாலும் குறையாகத் தெரியாது. தனியாக வசிப்பவர் 499இலிருந்து 199க்கு இறங்கினால் ஆண்டுக்கு 3,600 ரூபாய் மிச்சம். பார்க்கும் படங்களின் பட்டியலில் ஒன்றுகூடக் குறையாது.

பணம் அதிகமாக வீணாவது ஆண்டுச் சந்தாவில்தான் என்பது என் கருத்து. அதன் கணக்கைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. பிரைமின் மாதக் கட்டணம் 2023 ஏப்ரலில் 299 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுக் கட்டணம் 1,499. ஐந்து மாதங்களுக்குத் தனித்தனியாகக் கட்டினால் 1,495 ரூபாய். ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது அறிவித்த பிரீமியம் திட்டமும் இதே எண்களைக் கொண்டிருந்தது: மாதம் 299, ஆண்டுக்கு 1,499. ஆக அந்த எண்களின்படி இரண்டிலும் எல்லைக்கோடு ஐந்து மாதம். ஆண்டில் ஆறு மாதங்களாவது உண்மையாகவே பயன்படுத்துவோம் என்றால் ஆண்டுச் சந்தா லாபம். நான்கு மாதம் போதும் என்றால் மாதச் சந்தாவில் 303 ரூபாய் மிச்சம். ‘பன்னிரண்டு மாதத்துக்கு 3,588 ரூபாய் ஆகும், ஆண்டாகக் கட்டினால் 1,499தான்’ என்று திரையில் தெரியும் ஒப்பீடு, நாம் பன்னிரண்டு மாதமும் கட்டாயம் பார்ப்போம் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. பெரும்பாலானோரின் உண்மையான பயன்பாடு அப்படி இல்லை.

கிரிக்கெட்டுக்காக மட்டும் சேர்பவர்களின் கணக்கு இன்னும் தெளிவானது. ஜியோஹாட்ஸ்டாரின் சூப்பர் திட்டம் தொடங்கப்பட்டபோது மூன்று மாதத்துக்கு 299, ஆண்டுக்கு 899. 2025 ஐபிஎல் மார்ச் 22 அன்று தொடங்கி, நடுவில் ஏற்பட்ட இடைநிறுத்தத்தையும் தாண்டி, ஜூன் 3 அன்று இறுதி ஆட்டத்துடன் முடிந்தது. மொத்தம் 74 நாள்கள். ஒரே ஒரு மூன்று மாதச் சந்தா முழுப் பருவத்தையும் மூடிவிட்டது. ஆண்டின் மீதிப் பகுதியில் உலகக் கோப்பையோ வேறு பெரிய தொடரோ வந்து இன்னொரு மூன்று மாதம் சேர்த்தாலும் 598 ரூபாய்தான். மூன்றாவது முறையும் சேர்ந்தால்தான் 897 ரூபாய், ஆண்டுக் கட்டணத்துக்கு நிகர். சந்தா எடுக்கும் நாளும் இதில் முக்கியம்: பருவம் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே, சலுகை முடிந்துவிடும் என்ற பதற்றத்தில் எடுத்தால், இறுதிப் போட்டி வரும் நேரத்தில் சந்தா தீர்ந்து மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். தளங்கள் அவ்வப்போது திட்டங்களையும் விலைகளையும் மாற்றுகின்றன என்பதால், இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சேரும் நாளில் பட்டியலைப் பார்த்து இதே வகுத்தலைச் செய்துகொள்ள வேண்டும். ஆண்டுத் தொகையை மாதத் தொகையால் வகுத்து வரும் எண்ணைவிட அதிக மாதங்கள் பார்ப்போமா என்பதே கேள்வி.

நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் மாதச் சந்தாவாகவே விற்கப்படுவதால், அங்கே ஆண்டு என்ற பொறி இல்லை. அதேநேரம், மாதம்தானே என்ற அலட்சியத்தில் ஆண்டு முழுவதும் ஓடவிட்டால், 499 ரூபாய்த் திட்டம் 5,988 ரூபாயாகிவிடுகிறது. அதோடு பிரைமின் 1,499, ஜியோஹாட்ஸ்டார் பிரீமியத்தின் தொடக்க விலையான 1,499 சேர்ந்தால் 8,986 ரூபாய். மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருக்காமல், ஒரு காலாண்டுக்கு ஒரு தளம் என்று சுழற்றினால், இந்தத் தொகையில் ஏறக்குறைய பாதிதான் செலவாகும். முன்பு ஊர்களில் இருந்த வாடகை நூலகத்தில், கையிலிருக்கும் புத்தகத்தைக் கொடுத்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும். இந்தச் சுழற்சியும் அத்தகையதே. தளங்களில் தொடர்கள் அழிந்துபோவதில்லை. இந்த மாதம் வந்த தொடரை நான்கு மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே தொடர்தான். இழப்பது, எல்லோரும் பேசும்போது நாமும் பேசும் இன்பத்தை மட்டும். அந்த இன்பம் சிலருக்குப் பெரியது என்பதை நான் மறுக்கவில்லை. விதிவிலக்கு, உரிமக் காலம் முடிந்து வெளியேறும் படங்கள்: தளம் தானே தயாரிக்காமல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வாங்கி வைத்திருக்கும் படங்கள் ஒருநாள் நீங்கிவிடும். பார்க்க வேண்டியவை என்று குறித்துவைத்த பழைய படங்களை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

கைபேசி ரீசார்ஜோடும் இணைய இணைப்போடும் சேர்ந்து வரும் ஓடிடிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே தளத்துக்கு ரீசார்ஜ் வழியாகவும் தனியாகவும் என இருமுறை பணம் போவது பரவலாக நடக்கிறது. கைபேசி நிறுவனத்தின் செயலியைத் திறந்து, நம் திட்டத்தில் எவையெல்லாம் அடக்கம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிச் சேர்ந்து வருபவை பெரும்பாலும் கைபேசித் திட்டங்களாக இருப்பதால், தொலைக்காட்சியில் ஓடுமா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓடாத ஒன்றை ‘இலவசம்’ என்று எண்ணி, அதற்காகவே விலை கூடிய ரீசார்ஜைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு திட்டங்களுக்கும் உள்ள விலை வேறுபாட்டைப் பார்த்தால் இலவசம் எவ்வளவு என்பது விளங்கும்.

இவ்வளவு கணக்கையும் தாண்டிச் சந்தாக்கள் தொடர்வதற்கு முதன்மையான காரணம், பணம் தானாகப் போவது. இந்த இடத்தில் இந்தியப் பயனருக்கு வலுவான பாதுகாப்பு இருக்கிறது. பலருக்கும் அது தெரிவதில்லை என்பது வருத்தம் தருகிறது. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், அட்டையிலிருந்தோ யுபிஐயிலிருந்தோ தொடர்ச்சியாகப் பணம் எடுக்க வேண்டுமானால் முதலில் நம் ஒப்புதலைக் கூடுதல் சரிபார்ப்புடன் பெற வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, யார், எவ்வளவு, எந்தத் தேதியில் எடுக்கப்போகிறார்கள் என்ற விவரத்துடன் வங்கியிடமிருந்து தகவல் வர வேண்டும். அந்த முறை மட்டும் வேண்டாம் என்றோ, ஒப்புதலையே திரும்பப் பெறுகிறேன் என்றோ சொல்லும் வழி அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்காமல் எடுக்கக்கூடிய தொகையின் வரம்பு 5,000 ரூபாயாக இருந்து 2022 ஜூனில் 15,000 ஆக்கப்பட்டது. ஓடிடிச் சந்தாக்கள் அனைத்தும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதால், அந்த 24 மணி நேரக் குறுஞ்செய்திதான் நமக்கும் செலவுக்கும் நடுவில் நிற்கும் ஒரே காவல். ஓடிபிகளுக்கும் கடன் விளம்பரங்களுக்கும் நடுவில் அது வந்து மறைந்துவிடுகிறது.

யுபிஐ செயலிகளில் ஆட்டோபே என்ற பகுதிக்குள் சென்றால், நாம் கொடுத்திருக்கும் ஒப்புதல்கள் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். அங்கே உச்ச வரம்புத் தொகையையும் பார்க்க வேண்டும். ஒரு ரூபாயில் சோதனைச் சந்தா என்று சேர்ந்த ஒன்று, பின்னாளில் முழு ஆண்டுத் தொகையை எடுக்கும் உரிமையோடு அங்கே காத்திருக்கக்கூடும். இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும்: ஆட்டோபேயை நிறுத்துவது பணம் போவதை மட்டும் நிறுத்துகிறது, தளத்தில் சந்தாவை ரத்து செய்வது தனி வேலை. இரண்டையும் செய்தால்தான் விவகாரம் முழுமையாக முடியும். ரத்து செய்யும் பொத்தானை ஒளித்துவைப்பதும், வழிமுறையை வேண்டுமென்றே சிக்கலாக்குவதும், இலவசச் சோதனைக்குக்கூடப் பணம் செலுத்தும் விவரத்தைக் கட்டாயமாக்குவதும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்களின்படி ‘சந்தாப் பொறி’ எனப்படும் தடைசெய்யப்பட்ட நடைமுறைகள். அந்த அறிவிக்கை பட்டியலிடும் 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் அளிக்கலாம்.

சந்தாவை விட்டபின் பார்க்க என்ன இருக்கும் என்ற தயக்கத்துக்கு அதிக இடமில்லை. ஒரே ஒரு படத்துக்காகச் சேர நினைப்பவர், அந்தப் படம் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். 2022இலிருந்து பிரைம் வீடியோவில், பிரைம் உறுப்பினர் அல்லாதவர்களும் படங்களை வாடகைக்கு எடுக்கும் வசதி இருக்கிறது. பொதுவாக எடுத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பார்க்கத் தொடங்கி, தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பழைய தமிழ்ப் படங்களில் பெரும்பகுதியை உரிமையாளர்களே யூடியூபில் விளம்பரங்களுடன் இலவசமாக ஏற்றியிருக்கிறார்கள். பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற தன் தளத்தைத் தொடங்கியிருக்கிறது. திருட்டுப் பதிவுகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சந்தா கட்டுபடியாகவில்லை என்பது, படத்தில் உழைத்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் பார்ப்பதற்கான காரணம் ஆகாது.

ரத்து செய்யும்போது கட்டிய காலம் முடியும்வரை பார்க்க முடிகிறதா, உடனே நின்றுவிடுகிறதா என்பது தளத்துக்குத் தளம் வேறுபடலாம். நெட்ஃபிளிக்ஸில் மாத நடுவில் ரத்து செய்தாலும் அந்த மாதம் முடியும்வரை பார்க்கலாம். பணம் திரும்ப வராது. ஆகவே சேர்ந்த அன்றே ரத்து செய்துவைத்தாலும் ஒரு மாதம் முழுமையாகக் கிடைக்கிறது. மறதிக்கு இடமே இல்லாமல் போகிறது. விட்டுவிட்டால் பார்த்த வரலாறும், குறித்துவைத்த பட்டியலும், குழந்தைகளுக்கென்று அமைத்த பக்கமும் போய்விடுமே என்று தயங்குபவர்கள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் அவற்றைக் குறிப்பிட்ட காலம் வரை பாதுகாத்து வைக்கிறது. அதற்குள் திரும்பிச் சேர்பவருக்கு, தொடரை எந்தப் பகுதியில் நிறுத்தியிருந்தாரோ அந்தப் பகுதியிலிருந்தே ஓடத் தொடங்கும்.